கோடைக் குறிப்புகளில் உப்பின் அளவும் இடம்பெற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பங்குனி பிறந்ததும் தங்கள் நாளிதழில் வரத் தொடங்கும் வெயில்காலக் குறிப்புகளை ஆண்டுதோறும் விடாமல் படித்து வருகிறேன். உச்சி வெயிலில் வெளியே போகாதீர்கள், பருத்தி ஆடை உடுத்துங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அவை சொல்வதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல் குவாரிகளிலும், மாங்காய் பறிப்பு நடக்கும் தோப்புகளிலும், பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி மண்டிகளிலும் காலை முதல் மாலை வரை வியர்வை சிந்தி உழைப்பவருக்கும், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்பது பாதி அறிவுரைதான். குடித்த தண்ணீர் இரத்தத்தில் தங்குமா, செல்களுக்குள் போகுமா, குடலிலேயே நின்று வெளியேறிவிடுமா என்பதை அந்தத் தண்ணீரில் கரைந்துள்ள பொருள்களும் உடலின் நீர்மங்களில் ஏற்கெனவே கரைந்துள்ள பொருள்களுமே முடிவு செய்கின்றன. தருமபுரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மறுபாதி அறிவுரையையும் தங்கள் இதழ் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளுமானால் பொறுத்தருள வேண்டும்.

எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் ஏறத்தாழ 42 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 28 லிட்டர், செல்களுக்குள் அடங்கியிருக்கிறது. எஞ்சிய 14 லிட்டர் செல்களுக்கு வெளியே இருக்கிறது என்றாலும், அதிலும் பெரும்பகுதி செல்களைச் சூழ்ந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது; இரத்தக் குழாய்களுக்குள் பிளாஸ்மாவாக, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்த நீராக, ஓடுவது மூன்றரை லிட்டர் அளவே. உடலில் நீர் வற்றுகிறது என்று நாம் சொல்லும்போது இந்த மூன்று இடங்களில் எது வற்றுகிறது என்று கேட்க வேண்டும். ஏனென்றால் நாக்கு வறளுவதும், நாடி மெலிந்து படபடப்பதும், புத்தி தடுமாறுவதும் வெவ்வேறு இடங்களின் குறைபாட்டைக் காட்டும் அறிகுறிகள்.

செல்லுக்கும் அதன் வெளிப்புறத்துக்கும் நடுவே இருக்கும் சவ்வு தண்ணீரைத் தாராளமாக விடும். உப்பை அப்படி விடாது. தண்ணீர் மட்டும் போய்வருவதற்கென்றே அந்தச் சவ்வில் அக்வாபோரின் என்ற புரதத் துளைகள் உள்ளன. அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் ஏக்ரே 1992இல் இவற்றை இனங்கண்டு, 2003இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு துளை வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் கடந்து போகக்கூடும். இவ்வளவு அகலமாக வழி திறந்திருக்கையில், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஒரே விதிதான் இருக்கிறது: கரைபொருள் எந்தப் பக்கம் செறிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும், இரு பக்கமும் சமமாகும் வரை போகும். இதைத்தான் பள்ளிப் பாடநூல்கள் சவ்வூடு பரவல் என்று சொல்லித் தருகின்றன. இங்கே கணக்கில் வருவது கரைந்த பொருளின் எடை அன்று, துகள்களின் எண்ணிக்கை. ஒரு மூலக்கூறு சமையல் உப்பு கரைந்தால் சோடியம் ஒன்று, குளோரைடு ஒன்று என இரண்டு துகள்களாகப் பிரியும். ஒரு மூலக்கூறு சர்க்கரை ஒன்றாகவே நிற்கும். நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த ஒரு மாவுச்சத்துச் சரமும் ஒரே துகள்தான். கஞ்சியைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தாருக்கு இதை விளக்குவது எளிது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லில் காவிக் கறையும் எலும்பில் முடக்கமும் கண்ட ஊர்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட பிறகும் ஆர்.ஓ. இயந்திரமும் கேன் தண்ணீரும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. அந்த இயந்திரத்துக்குள்ளும் ஒரு சவ்வு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் உப்பு நீரையும் மறுபக்கம் நல்ல நீரையும் வைத்துச் சும்மா விட்டால் நல்ல நீர்தான் உப்பு நீரை நோக்கிப் போகும். அதைத் தலைகீழாக்கி, உப்பு நீரிலிருந்து நல்ல நீரைப் பிழிந்தெடுக்கவே அங்கே மோட்டார் வைத்து அழுத்துகிறார்கள். நம் உடலின் செல்களுக்கு அப்படியொரு மோட்டார் கிடையாது. இதயம் ஓர் அழுத்தத்தைக் கொடுக்கிறதே என்று கேட்கலாம். அது 120 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். சவ்வின் இருபுறமும் கரைபொருள் செறிவு லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) வேறுபட்டாலே சுமார் 19 மில்லிமீட்டர் அழுத்தத்துக்கு ஈடான இழுவிசை உண்டாகும். ஏழு மில்லிஆஸ்மோல் வேறுபாடு இதயத்தின் முழு அழுத்தத்தையும் மிஞ்சிவிடும். இரத்தத்தின் இயல்பான செறிவு லிட்டருக்கு 290 மில்லிஆஸ்மோலை ஒட்டி இருக்கிறது என்பதைச் சேர்த்து நினைத்தால், உடல் ஏன் அந்த எண்ணை விட்டு நகர மறுக்கிறது என்பது புரியும்.

தண்ணீரைப் பிடித்துத் தள்ள முடியாத செல், உப்பைப் பிடித்துத் தள்ளித் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு மூன்று சோடியத்தை வெளியே அனுப்பி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957இல் வெளிப்படுத்திய இந்த அமைப்புக்காக அவருக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தப் பம்பினால்தான் வெளியே லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியமும், உள்ளே ஏறத்தாழ அதே அளவு பொட்டாசியமும் நிலைத்திருக்கின்றன. நாம் தூங்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பங்கு இந்த ஒரு வேலைக்கே போகிறது. பம்பு நின்றால் சோடியம் உள்ளே கசியும், அதன் பின்னாலேயே தண்ணீரும் நுழையும், செல் ஊதும். ஆக, வெளியே இருக்கும் தண்ணீரை வெளியே பிடித்து வைப்பது சோடியம், உள்ளே இருப்பதை உள்ளே பிடித்து வைப்பது பொட்டாசியம். கோடைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் இருத்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

மருந்தாளுநர் படிப்பின் செய்முறை வகுப்பில் இதைக் கண்ணால் காட்டுவார்கள். மூன்று சோதனைக் குழாய்கள்: ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் 0.9 சதவீத உப்புக் கரைசல், ஒன்றில் 3 சதவீத உப்புக் கரைசல். ஒவ்வொன்றிலும் சில துளி இரத்தம் விட்டு மெல்லச் சாய்த்துக் கலக்க வேண்டும். நடுக்குழாய் செம்மண் கலங்கலாகவே நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது. காய்ச்சி வடித்த நீர் உள்ள குழாயோ சில நொடிகளில் கலங்கல் நீங்கித் தெளிந்த சிவப்பாகிவிடும். அதன் வழியே தலைப்பு எழுத்தை மட்டுமல்ல, பொடி எழுத்தையும் வாசிக்கலாம். சிவப்பணுக்கள் தண்ணீரை இழுத்து ஊதி வெடித்து, உள்ளிருந்த நிறப்பொருளைக் கொட்டிவிட்டன என்பதே அந்தத் தெளிவின் பொருள். மூன்றாவது குழாயும் கலங்கித்தான் இருக்கும், ஆனால் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் அணுக்கள் தண்ணீரை இழந்து, விளிம்பெல்லாம் முள்முள்ளாகச் சுருங்கிக் கிடப்பது தெரியும். ஊசி மருந்துப் பொடியைக் கரைக்க வைத்திருக்கும் தூய நீரை அப்படியே நாளத்தில் செலுத்தக் கூடாது என்று மருந்தகத்தில் கண்டிப்புடன் சொல்வது இந்த முதல் குழாயின் காரணமாகத்தான். இரத்தத்துக்குள் போகும் எதுவும் இரத்தத்தின் செறிவோடு ஒத்துப்போக வேண்டும். மருத்துவர் தெரிந்தே மாற்றிக் கொடுத்தால் அதற்குக் காரணமும் அளவும் இருக்க வேண்டும்.

இனி நம் மக்கள் மிகவும் நம்பும் பாட்டிலுக்கு வருகிறேன். காய்ச்சலோ, அசதியோ, வெயில் மயக்கமோ எதுவாயினும் "ஒரு குளுக்கோஸ் ஏத்தி விடுங்க சார், தெம்பு வந்துடும்" என்று கேட்காத குடும்பம் நம் பகுதியில் அரிது. ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸின் மறுபெயர்) என்று அச்சிட்ட அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை; கிட்டத்தட்ட ஐந்து தேக்கரண்டி. அதில் கிடைக்கும் ஆற்றல் ஓர் உருண்டை களியில் கிடைப்பதில் சிறு பகுதியே. பாட்டிலில் இருக்கும் வரை அதன் செறிவு 278 மில்லிஆஸ்மோல், இரத்தத்தோடு ஒத்தது, அதனால் அணுக்கள் வெடிப்பதில்லை. உள்ளே போனதும் அந்தக் குளுக்கோஸைச் செல்கள் எரித்துவிடுகின்றன. எஞ்சுவது வெறும் தண்ணீர். பிடித்து வைக்க உப்பில்லாத அந்தத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள் போய்விடும்; இரத்தக் குழாயில் தங்குவது பன்னிரண்டில் ஒரு பங்குதான். பேதியால் இரத்தத்தின் கொள்ளளவு குறைந்து நாடி மெலிந்த ஒருவருக்கு இது உதவாது. இரத்தத்தின் சோடியத்தை மேலும் நீர்க்கச் செய்து தீங்கும் விளைவிக்கலாம். அவருக்கு வேண்டியது லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் என்ற மற்றோர் உப்புக் கரைசல். இவற்றின் சோடியம் செல்லுக்குள் நுழையாமல் வெளியே நிற்பதால் தண்ணீரும் வெளியே நிற்கும், அதில் கால் பங்காவது இரத்தக் குழாய்க்குள் தங்கும். எந்தப் பாட்டில் யாருக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வாயால் குடிக்கக்கூடியவருக்குப் பாட்டிலே வேண்டாம் என்று அவர் சொன்னால், கைவிட்டுவிட்டார் என்று எண்ணி வேறிடம் தேடி ஓட வேண்டாம் என்பதே உறவினர்களுக்கு என் வேண்டுகோள்.

உடலுக்குள்ளேயே இதற்கொரு காவல் இருக்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள சில செல்கள் இரத்தத்தின் செறிவு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே தாமும் சுருங்கி, அந்தச் சுருக்கத்தைச் செய்தியாக்கித் தாகத்தைத் தூண்டுகின்றன; கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து சிறுநீரகத்தில் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வைக்கின்றன. கோடையில் சிறுநீர் மஞ்சளாவது அதனால்தான். சாதாரண வேலை செய்து, மூன்று வேளை உப்போடு சமைத்த உணவு உண்ணும் ஒருவருக்குத் தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதே போதும். அவர் தனியாக உப்பைத் தேட வேண்டியதில்லை, இரத்தக் கொதிப்பு உள்ளவர் தேடவும் கூடாது.

சிக்கல் வருவது உப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறி, தண்ணீர் மட்டும் திரும்ப உள்ளே போகும்போது. வெயிலில் கடும் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கும். வியர்வை இரத்தத்தைவிட உப்புக் குறைந்ததுதான் என்றாலும் உப்பில்லாதது அன்று. பனியன் காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடு விழுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலையில் ஒன்றும் உண்ணாமல் வேலைக்குப் போய், மாலை வரை குடம் குடமாக வெறுந்தண்ணீர் குடித்தவருக்கு இரத்தத்தின் சோடியம் தாழக்கூடும். தாழ்ந்தால் விதி மாறாது: செறிவு எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும், இப்போது அது செல்லின் உட்பக்கம். கையிலும் காலிலும் உள்ள செல்கள் சற்று ஊதினால் பெரிய கேடில்லை. மூளையின் செல்கள் ஊதினால் மண்டையோட்டுக்குள் இடமில்லை. தலைவலி, குமட்டல், தடுமாற்றம், பின்னர் வலிப்பு என்று அது முற்றும். குவாரியில் மயங்கி விழுந்தவருக்கு வாயில் மேலும் தண்ணீரை ஊற்றுவது எல்லா நேரத்திலும் சரியான முதலுதவி ஆகாது என்பதை மேஸ்திரிகள் அறிந்திருக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றவே கூடாது. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, 108ஐ அழைக்க வேண்டும்.

இதே தாழ்வு நம் வீட்டு முதியவர்களிடமும் ஓசையில்லாமல் வருகிறது. இரத்தக் கொதிப்புக்காக நீர் மாத்திரை சாப்பிடும் பாட்டி இரண்டு நாள் வாந்தியில் கிடந்து, கஞ்சி இறங்காமல் வெந்நீர் மட்டும் குடித்து, மூன்றாம் நாள் பெற்ற மகளையே "யாரு நீ" என்று கேட்டால், வயதாகிவிட்டது என்றோ காத்து கருப்பு என்றோ முடிவு கட்டாமல் இரத்தத்தில் சோடியம் அளவைப் பார்க்க வேண்டும். எளிய பரிசோதனை அது. தாழ்ந்த சோடியத்தை ஒரே மூச்சில் ஏற்றிவிடவும் கூடாது. சில நாளாகத் தாழ்ந்த நிலைக்கு மூளையின் செல்கள் தம் கரைபொருள்களைக் குறைத்துக்கொண்டு பழகியிருக்கும். வெளியே திடீரென்று செறிவு கூடினால் அவை வேகமாகத் தண்ணீரை இழந்து, நரம்புகளின் உறை சிதைந்து, கை கால் விழுந்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் 24 மணி நேரத்தில் லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராதபடி மருத்துவர்கள் பொறுமையாக ஏற்றுகிறார்கள். "நேத்து சேர்த்தது, இன்னும் தெளியலையே" என்று வார்டில் பதறும் உறவினர்கள் இந்தத் தாமதம் சிகிச்சையின் ஒரு பகுதி என்று தெரிந்துகொண்டால் நலம்.

சர்க்கரை நோயையும் இங்கே ஒரு வரியில் சேர்க்க வேண்டும். இன்சுலின் போதாமல் இரத்தத்தில் தேங்கும் குளுக்கோஸ் செல்களிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது, சிறுநீரகத்தில் வழிந்து தண்ணீரை மேலும் கூட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தாகத்துக்குக் குளிர்பானம் குடிப்பவர் நெருப்பில் நெய் ஊற்றுகிறார்.

இத்தனைக்கும் நடுவே மனிதகுலத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய நன்மை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–குளுக்கோஸ் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று உறுதியாகச் சொல்வேன். பேதியில் குடல் தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறது. வெறுந்தண்ணீர் கொடுத்தால் பெரும்பாலும் போன வழியே போகிறது. ஆனால் குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே எடுக்கும் ஒரு வாயில் இருக்கிறது என்பதை 1960இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன் முன்வைத்தார். காலராவிலும் அந்த வாயில் மூடுவதில்லை. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ் உள்ளே போனதும் அவற்றின் பின்னால் தண்ணீரும் போய்த்தான் ஆக வேண்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நாளத்தில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகாலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் நேர்ந்துகொண்டிருந்த சாவுகள் நான்குக்கும் கீழே இறங்கின. 2022இல் மறைந்த அவருக்கு அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2002இல் திருத்தி அமைத்த அளவின்படி ஒரு லிட்டர் கரைசலுக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், ஆக மொத்தம் 20.5 கிராம். இதன் செறிவு 245 மில்லிஆஸ்மோல். இரத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. முந்தைய அளவில் 311 ஆக, இரத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்ததை வேண்டுமென்றே இறக்கினார்கள். குடலில் இருக்கும் கரைசல் இரத்தத்தைவிட நீர்த்திருந்தால்தான் தண்ணீர் தடையின்றி உள்ளே வரும் என்பதும், சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில், லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம், இருக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தின் அடிப்படை. இத்தனை நுட்பமாக எடை போட்ட ஒரு பொருளை நாம் எப்படிக் கலக்கிறோம் என்று சொல்கிறேன். மருந்து கொடுக்கும் சன்னலில் பொட்டலத்தை நீட்டி "ஒரு லிட்டர் தண்ணியில மொத்தமா கொட்டணும்மா" என்று சொல்லும்போது தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மூலையைக் கிழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கண் அளவாகத் தட்டிப் போட்டு, மீதியை மடித்துச் சுவர் மாடத்தில் வைப்பதே வழக்கமாக இருக்கிறது. காரணம் சிக்கனம், அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுப் பொட்டலத்தையும் 200 மில்லி டம்ளரில் கொட்டிவிட்டால் செறிவு 1225 மில்லிஆஸ்மோல் ஆகிறது. கடல்நீரின் செறிவையும் அது மிஞ்சும். அதைக் குடித்த குழந்தையின் குடல் உடலிலிருந்து தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும், உறிஞ்சப்பட்ட சோடியம் இரத்தத்தின் செறிவை உயர்த்தி மூளையின் செல்களைச் சுருக்கும், வலிப்பு வரலாம். மாறாக, ஒரு சிட்டிகை மட்டும் போட்ட கரைசலில் அந்தக் குடல் வாயிலைத் திறக்கப் போதுமான சோடியம் இல்லை. 200 மில்லிக்கென்றே வரும் சிறு பொட்டலங்களும் இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அளவை வாசித்து, ஒரு லிட்டருக்கானது என்றால் கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலையே அளவாகக் கொண்டு, முழுவதையும் கரைக்க வேண்டும். பால், பழச்சாறு, கூடுதல் சர்க்கரை எதையும் சேர்க்கக் கூடாது.

கடையில் வண்ணப் பெட்டியில் விற்கும் பானங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாம்பழக் கூழுக்குப் பெயர் பெற்ற பகுதியில் இருந்துகொண்டு மாம்பழ பானத்தைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. நலமாக இருப்பவர் குடிக்கட்டும். பேதியில் இருக்கும் குழந்தைக்கு அது ஆகாது. இத்தகைய இனிப்புப் பானங்களின் செறிவு பெரும்பாலும் இரத்தத்தைப் போல் இரு மடங்கை எட்டும். உப்போ மிகக் குறைவு. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கி, அதன் அளவை உள்ளே கொண்டிராத பானங்களுக்கு அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. வாங்குகிறவர்கள் இன்னமும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தே வாங்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. களைப்புக்கு நல்லது, பேதிக்கு அது மட்டும் போதாது. பொட்டலம் கிடைக்காத இடத்தில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி சிறந்தது. மாவுச்சத்துச் சரம் ஒவ்வொன்றும் ஒரே துகளாக நிற்பதால் கஞ்சியின் செறிவு ஏறுவதில்லை, குடலில் அது சிறிது சிறிதாகக் குளுக்கோஸாகப் பிரிந்து சோடியத்தோடு சேர்ந்து உள்ளே போகிறது. உப்பிட்ட நீர்மோரையும் கொடுக்கலாம். நம் முன்னோர் வயலுக்குத் தூக்கில் எடுத்துப்போன கூழில் உப்பும் மோரும் இருந்தன என்பதை இங்கே நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. வரும் கோடையில் முதல் குறிப்பை வெளியிடும் நாளிலேயே, வெட்டி எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டக்கூடிய அளவில், கீழ்க்கண்ட செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் குடிநீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு ஒரு துளியும் கூடக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் நின்று, கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பினாலோ, குழந்தை குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வீட்டு வைத்தியத்தை விட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கரைசலைப் பழக்கமாகக் குடிக்கக் கூடாது.

மாவட்டச் சுகாதாரத் துறைக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. அங்கன்வாடிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பொட்டலம் கொடுக்கும்போது, ஒரு லிட்டர் கோடு போட்ட பாத்திரம் ஒன்றை அங்கேயே வைத்து, வாங்க வந்தவர் கையாலேயே ஒருமுறை கலக்கச் செய்து அனுப்பினால், ஆயிரம் துண்டுப் பிரசுரம் செய்யாததை அது செய்யும். குவாரிகளிலும் மண்டிகளிலும் வைக்கும் தண்ணீர்ப் பந்தல்களில் மண்பானைக்குப் பக்கத்தில் உப்பிட்ட மோர்ப் பானை ஒன்றும் இருக்கட்டும். கலக்கிய ஓ.ஆர்.எஸ். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதையும், மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும் என்பதையும் அந்தப் பெட்டிச் செய்தியின் கடைசி வரியாகச் சேர்க்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.